என் பெயரில் விழுந்த பன்னிரண்டு டிக்கெட்டுகள்: நார்மலைசேஷன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மேனேஜர்கள் போட்ட ஆண்டு ரேட்டிங்கைக் கோட்டாவுக்குள் சரிக்கட்டுகிற நார்மலைசேஷன் கமிட்டியில் இருந்த ஐந்து பேருக்கும் வணக்கம்.

உங்களில் இரண்டு பேரை எனக்கு முகம் தெரியும். ஒருவரோடு கேன்டீன் வரிசையில் நின்று பேசியிருக்கிறேன், சாம்பாரில் உப்பு அதிகம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மற்ற மூவரை டவுன் ஹால் மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மே 14ஆம் தேதி உங்கள் முன்னால் திறந்திருந்த எக்செல் ஷீட்டில் நான் ஒரு வரி. என் மேனேஜர் அந்த வரியில் 'பி' போட்டு அனுப்பியிருந்தார், உங்கள் அறையை விட்டு வெளியே வரும்போது அது 'சி' ஆகியிருந்தது.

கம்பெனி பெயரையோ, கிளையன்ட் பெயரையோ, மேனேஜர் பெயரையோ இதில் எழுதப்போவதில்லை. சிறுசேரி பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், அங்கே எல்லாமே கண்ணாடிக் கட்டடம்தான். படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஏன் பொதுவில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். உள்ளே எழுத வேண்டிய இடத்திலெல்லாம் எழுதிவிட்டேன். ரேட்டிங் வெளியாகிற போர்ட்டலில் 'ஏற்கிறேன்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, 'ஏற்கவில்லை' என்று ஒன்று இல்லை, ஏழு நாள் எதையும் அழுத்தாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாக அதுவே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் கருத்து எழுத ஒரு கட்டம், ஐந்நூறு எழுத்துக்கு மேல் தட்டினால் உள்ளே போகாது. ஐந்நூறு எழுத்துக்குள் முதல் தப்பைக்கூட என்னால் விளக்கி முடிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'சி'யை 'பி' ஆக்குங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. சம்பள உயர்வு போச்சு, வேரியபிள் பே என்கிற ஊக்கத்தொகையில் பாதி போச்சு, ஒரு வருஷத்துக்கு உள்ளேயே வேறு ப்ராஜெக்டுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, அதையெல்லாம் கணக்குப் போட்டு அழுதும் முடித்தாயிற்று. எனக்குப் பொறுக்கமுடியாதது அந்த எழுத்துக்குக் கீழே, அதற்குக் காரணம் என்று எழுதி வைத்திருக்கிற ஆறேழு வாக்கியங்கள். அவற்றில் மூன்று பொய். பொய் என்ற சொல் கடுமையாகத் தெரிந்தால், நடக்காததை நடந்ததாக எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரோ ஒரு மேனேஜர் என் ஃபைலைத் திறந்தால் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடமாட்டார், அந்த வாக்கியங்களைப் படிப்பார், ஓ இவள் இப்படி என்று முடிவு கட்டுவார்.

முதல் வாக்கியம்: இந்த ஆண்டில் என் பெயரில் 17 டிக்கெட்டுகள் எஸ்.எல்.ஏ. தாண்டின.

(டிக்கெட் என்பது பிரச்சினை ஒன்றைப் பதிந்து ஓர் ஆள் பெயரில் போடுகிற சீட்டு, எஸ்.எல்.ஏ. என்பது அதை முடிக்கவேண்டிய கெடு.) சரி, பதினேழையும் எடுத்துப் பார்த்தேன். உங்களில் யாராவது எடுத்துப் பார்த்தீர்களா? பெரிய வேலை ஒன்றுமில்லை, டிக்கெட் நம்பரைத் தட்டி ஹிஸ்டரி டேபை அழுத்தினால் யார் பெயரில் எப்போது விழுந்தது, யார் எப்போது கைமாற்றினார்கள், எல்லாம் நிமிஷக் கணக்கோடு வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கிய இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

பதினேழில் பன்னிரண்டு, நான் மகப்பேறு விடுப்பில் இருந்தபோது விழுந்தவை.

நான் விடுப்பில் போனது 2024 ஜூன் 10, திங்கட்கிழமை. திரும்பி வந்தது டிசம்பர் 9, அதுவும் திங்கட்கிழமை. நடுவில் சரியாக 26 வாரம், சட்டம் கொடுத்தது, ஒரு நாள் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்ரைசல் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, ஆக நான் வேலை பார்த்ததும் 26 வாரம்தான், மேலே ஒரு நாள். லேப்டாப்பை ஐ.டி. டெஸ்கில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனேன். வெளியிலிருந்து ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நுழைகிற என் வி.பி.என். அனுமதியையும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அதாவது நான் ஆசைப்பட்டிருந்தாலும் அந்த டிக்கெட்டுகளைத் திறந்திருக்க முடியாது.

அப்படியானால் அவை என் பெயரில் எப்படி விழுந்தன? இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும். கிளையன்டின் பிரீமியம் கணக்குகளை ஓட்டுகிற இரவு பேட்ச் ஜாப்கள், அதாவது மொத்தமாகத் தானே ஓடுகிற வேலைகள், இருக்கின்றன. ஏதாவது ஒன்று விழுந்தால், அதாவது ஓடாமல் நின்றுபோனால், மனிதர் யாரும் கை வைக்காமலேயே சிஸ்டம் ஒரு டிக்கெட்டைத் திறந்துவிடும். திறந்த டிக்கெட் யாராவது ஒருவர் பெயரில் இருக்கவேண்டும் என்பதால் அவை சேருகிற க்யூவுக்கு (வரிசைக்கு) ஒரு டீஃபால்ட் பெயர் கொடுத்திருப்போம். 2022இல் நான் ஷிப்ட் லீட் ஆனபோது என் பெயரைப் போட்டார்கள். வழக்கமாக இரவு ஷிப்டில் இருப்பவர் அதைப் பார்த்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். ஆனால் எஸ்.எல்.ஏ. ரிப்போர்ட் என்ன செய்கிறது தெரியுமா? முதலில் யார் பெயரில் விழுந்ததோ அவர் கணக்கில் எழுதுகிறது. யார் முடித்தார், யார் தாமதித்தார் என்ற கேள்வியே அதற்குக் கிடையாது.

விடுப்பில் போவதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூன் 5ஆம் தேதி, வேலையை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் மெயில் அனுப்பினேன். ஒன்பதாவது பாயின்டாக எழுதியிருக்கிறேன்: பேட்ச் க்யூவின் டீஃபால்ட் பெயரை மாற்றிவிடுங்கள், என்னிடம் அட்மின் உரிமை இல்லை. ஏழு பேருக்குப் போன மெயில். ஆல் தி பெஸ்ட், டேக் கேர் என்று நான்கு பேர் பதில் போட்டார்கள், அன்பானவர்கள்தான். பெயரை யாரும் மாற்றவில்லை.

பன்னிரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் 14, விடிகாலை 2.52. அந்த நேரத்தில் நான் கோவில்பட்டியில் அம்மா வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தேன். பிள்ளைக்கு 47 நாள். வயிற்று வலியோ என்னவோ, ஒன்றரை மணியிலிருந்து அழுகை, அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சப் போயிருந்தாள், நான் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். சிசேரியன் தையல் அப்போதும் இழுத்துப் பிடிக்கும், குனிய முடியாது. சிறுசேரியில் ஒரு ஜாப் விழுந்து, என் பெயரில் டிக்கெட் திறந்து, நான்கு மணி நேரக் கெடு ஓடத் தொடங்கியது இந்த நேரத்தில்தான். ஷிப்டில் இருந்தவர் வேறொரு பெரிய பிரச்சினையில் மாட்டியிருந்தார், 7.20க்குத்தான் இதைப் பார்த்தார் (அவர் மேலும் எனக்குக் கோபமில்லை). இது என் ரிவ்யூவில் 'பொறுப்பேற்கும் மனப்பான்மை போதவில்லை' என்பதற்குச் சான்றாக இருக்கிறது.

மீதி ஐந்தில் இரண்டு, கிளையன்டிடமிருந்து பதில் வரவேண்டி நின்றவை. நிறுத்தி வைத்ததாகக் குறிக்காமல் விட்டது என் தவறென்றால் தவறு, ஆனால் தாமதம் என்னுடையதில்லை. கடைசி மூன்று என்னுடையவைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஜனவரியில் ஒன்று, பிரையாரிட்டியைத் தப்பாகப் படித்துவிட்டேன். பிப்ரவரியில் ஒன்று, பெரும்பாக்கத்தில் எங்கள் தெருவில் குழி தோண்டினவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள், போன் ஹாட்ஸ்பாட்டில் வி.பி.என். நிற்கவே இல்லை, உடனே வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கவேண்டும், கூப்பிடவில்லை. மார்ச் 19ஆம் தேதி ராத்திரி பிள்ளைக்கு 103 டிகிரி, டிக்கெட்டைப் பார்த்தேன், ஐந்து நிமிஷத்தில் எடுக்கிறேன் என்று நினைத்தேன், மறந்தே போனேன். நான் வேலை பார்த்த 26 வாரத்தில் முடித்த டிக்கெட்டுகள் 214. அதில் மூன்று. இந்த மூன்றுக்காக என்ன எழுதினாலும் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது. மூன்றைப் பதினேழு என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது வாக்கியம்: கிளையன்ட் வாராந்திர அழைப்புகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்தார்.

அந்த அழைப்பு (நாங்கள் 'கால்' என்போம்) வியாழக்கிழமை, அவர்கள் ஊரில் காலை பதினொரு மணிக்கு. கோடைகாலத்தில் அது நமக்கு இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நம் ஊரில் அது ஒன்பதரை ஆகிவிடும். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும், நம் வீட்டுச் சாப்பாட்டு நேரம் எங்கோ ஒரு கடிகார முள்ளோடு சேர்ந்து நகரும். நான் டிசம்பரில் திரும்பியபோது கால் ஒன்பதரையில் இருந்தது. அதுதான் பிள்ளை தூங்கப்போகிற நேரம், பால் கொடுத்தால்தான் தூங்கும். அதனால் டிசம்பர் 11ஆம் தேதி மேனேஜருக்கு எழுதினேன்: ஒரு வாரம் நான், ஒரு வாரம் என் சக லீட், இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோமே. அவர் ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: ஓகே. அந்த மெயில் என்னிடம் இருக்கிறது.

டிசம்பர் 12 முதல் மார்ச் கடைசி வரை 16 வியாழக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால் ரத்து. நடந்தது பதினைந்து. அதில் ஒன்பதில் நான் இருந்தேன். மார்ச் 9இல் அவர்கள் கடிகாரத்தை முன்னால் வைத்ததும் கால் எட்டரைக்கு வந்தது, அதற்குப் பிறகு வந்த மூன்றிலும் நான் இருந்தேன், முறை போட்டுக்கொள்ளக்கூட இல்லை. பதினைந்தில் ஒன்பது போனவர் பெரும்பாலானவற்றைத் தவிர்த்தவர் என்று எழுத எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தார்கள்? முறை போட அனுமதி கேட்டு, அனுமதியும் வாங்கி, அதன்படி நடந்ததற்கு 'தவிர்த்தார்' என்று ஒரு வினைச்சொல்.

மூன்றாவது வாக்கியம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். மைக்ரேஷன் ப்ராஜெக்டில் தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்திக்கொள்ள வேண்டுமாம். நான் எந்த மைக்ரேஷன் ப்ராஜெக்டிலும் இருந்ததில்லை. அதோடு அந்த ஆங்கில வாக்கியத்தில் என்னைக் குறிக்க வருகிற சொல் 'ஹிஸ்'. ஒன்பது வருஷம் இந்தக் கம்பெனியில் இருந்து, பிள்ளை பெற்று ஆறு மாதம் விடுப்பில் போனதற்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் அந்த ரிவ்யூவிலேயே நான் ஆம்பிளை. வேறு யாருடைய ரிவ்யூவிலிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பெயரை மாற்றினார்கள், 'ஹிஸ்'ஸை மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த 'அவர்' யாரோ, உண்மையிலேயே மைக்ரேஷனில் இருந்தவரோ, இல்லை அவருக்கும் எங்கிருந்தோ வந்து ஒட்டியதுதானோ தெரியாது. உங்கள் போர்ட்டலில் எத்தனை பேர் ஃபைலில் இந்த ஒரே வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள், சர்ச் பாக்ஸ் இருக்கிறது.

இப்போது தேதிகளுக்கு வருகிறேன். ஏப்ரல் 22ஆம் தேதி மேனேஜர் என்னோடு உட்கார்ந்து பேசினார். 'பி' என்றார், திரும்பி வந்து நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்றார், பிப்ரவரியில் நான் முடித்த கிளவுட் சர்டிஃபிகேஷனைப் பற்றி அவரே எடுத்துச் சொன்னார். மே 14, உங்கள் கூட்டம். மே 28, போர்ட்டலில் ரேட்டிங் வெளிவந்தது. சரி. ஆனால் அந்த கமென்ட்ஸ் பகுதிக்குக் கீழே பொடி எழுத்தில் 'கடைசியாகத் திருத்தியது' என்று ஒரு தேதி வருகிறது, பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மே 16.

உங்கள் கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் காரணங்கள் பிறந்திருக்கின்றன. அதாவது முதலில் எழுத்து, அப்புறம் அந்த எழுத்துக்கு ஏற்ற நான். கையில் இருக்கிற தொப்பிக்குத் தலையைச் செதுக்கின மாதிரி. இரண்டு நாளில் ஒரு வருஷத்துக்கான குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் யாராக இருந்தாலும் கையில் கிடைத்த ரிப்போர்ட்டை எடுத்து எண்ணைப் போடுவார்கள், நேரம் பத்தாவிட்டால் இன்னொருவர் ஃபைலிலிருந்து ஒட்டுவார்கள். மேனேஜர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் எங்கள் டீமுக்கு வந்ததே செப்டம்பரில், நான் விடுப்பில் இருந்தபோது. ஏப்ரலிலும் மேயிலும் நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்த பழைய மேனேஜர் அடுத்த மாடியில்தான் இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஏன் 'சி' என்று கேட்டதற்கு அவர் சொன்னது: மேலேயிருந்து வந்தது, என் கையில் இல்லை. அது உண்மைதான். எங்கள் டீமில் பன்னிரண்டு பேர். பெல் கர்வ்படி (மேலே கொஞ்சம் பேர், நடுவில் நிறையப் பேர், கீழே கொஞ்சம் பேர் என்று மணி வடிவில் பிரிக்கிற கணக்கு) ஒருவரையாவது கீழே காட்டவேண்டும். இந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்றை எழுதுகிறேன், யாரும் எழுத்தில் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். வழக்கமாக அந்த 'சி' பேப்பர் போட்டவருக்கு, ராஜினாமா கொடுத்தவருக்கு, போகும். நோட்டீஸ் பீரியடில் இருக்கிறவர், எப்படியும் போகப்போகிறவர், அவருக்கு எந்த எழுத்து வந்தால் என்ன, கோட்டாவும் நிறையும், யார் மனமும் நோகாது. மூன்று வருஷமாக எங்கள் டீமில் அப்படித்தான் ஓடியது. இந்த வருஷம் மார்க்கெட் இருக்கிற இருப்பில் யாரும் பேப்பர் போடவில்லை. அப்போது கண்ணுக்குத் தெரிகிற அடுத்த ஆள் யார்? ஆறு மாதம் இடத்தில் இல்லாதவள்.

இந்தக் கர்வை யார் தலையிலிருந்து இறக்கினோம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1981 முதல் 2001 வரை அமெரிக்காவின் ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) கம்பெனியை நடத்திய ஜாக் வெல்ச், மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று ஆட்களைப் பிரித்து, கீழே இருக்கிற பத்தை வெளியே அனுப்பு என்றார். அந்த ஜி.இ.யே பின்னால் அதைக் கைவிட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த வரிசைப்படுத்தலே வேண்டாம் என்று தூக்கிப்போட்டது. நாம் இன்னும் பன்னிரண்டு பேர் இருக்கிற டீமில் மணியின் வளைவைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு புள்ளியில் வளைவு ஏது?

கோட்டா வைத்திருக்கிறீர்கள், சரி, வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் கோட்டாவுக்காக 'சி' கொடுத்தால் கோட்டாவுக்காகக் கொடுத்தோம் என்று எழுதுங்கள். 'பன்னிரண்டு பேரில் ஒருவரைக் காட்டவேண்டியிருந்தது, இவர் ஆறு மாதம் விடுப்பில் இருந்ததால் இவரைக் காட்டினோம்' என்று அந்த கமென்ட்ஸ் பகுதியில் எழுதத் தைரியம் இருக்கிறதா? இருக்காது, ஏனென்றால் எழுதினால் என்ன ஆகும் என்று எச்.ஆருக்குத் தெரியும். நான் விடுப்பில் இருந்தபோது நடப்பில் இருந்தது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது 2017 திருத்தம், அது எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது, விடுப்பில் இருக்கிற பெண்ணை வேலையை விட்டு நீக்கக்கூடாது, அவளுடைய பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது என்றது. ரேட்டிங் அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும், நான் வக்கீல் இல்லை. ஆனால் விடுப்பு நாளில் விழுந்த டிக்கெட்டை எண்ணி ஒரு பெண்ணின் சம்பளத்தைக் குறைத்தால் அதை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா தபால் இலாகாவில் இருந்து 2016இல் ரிட்டயர் ஆனவர். ரிவ்யூவை அவருக்குப் படித்துக் காட்டினேன், தமிழில் சொல்லிச் சொல்லி. "எங்க காலத்துல சி.ஆர்.ல என்ன எழுதிருக்காங்கன்னே தெரியாதும்மா, ஒனக்காவது காட்டுறாங்களே" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா குத்தலாகச் சொன்னாரா தெரியவில்லை, அவர் பேச்சே அப்படித்தான். சி.ஆர். என்றால் ரகசியக் குறிப்பேடு. மோசமாக ஏதாவது எழுதினால் மட்டும் தெரிவிப்பார்கள். 'குட்' என்று எழுதினால் தெரிவிக்கமாட்டார்கள், குட்தானே, அதில் என்ன குறை என்று. ஆனால் பதவி உயர்வுக்கு 'வெரி குட்' வேண்டும் என்று வைத்திருந்தால் அந்த ஒரு 'குட்'டே ஆளைக் கவிழ்த்துவிடும், ஏன் கவிழ்ந்தோம் என்றும் தெரியாது. எல்லைச் சாலைகள் பிரிவில் இருந்த தேவ் தத் என்ற இன்ஜினியருக்கு இதுதான் நடந்தது, 1993-94ஆம் வருஷத்தில் ஒரே ஒரு 'குட்'. அவர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். எந்தக் குறிப்பாக இருந்தாலும், நல்லதோ கெட்டதோ, ஊழியரிடம் காட்டவேண்டும், அவர் மறுத்து எழுத வாய்ப்புத் தரவேண்டும் என்று 2008இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷமே மத்திய அரசு உத்தரவு போட்டது, முழு அறிக்கையையும் கையில் கொடு, மறுத்து எழுதப் பதினைந்து நாள் கொடு என்று. இன்னொரு விதியும் அங்கே உண்டு: குறைந்தது மூன்று மாதமாவது தன் கீழ் வேலை பார்த்தவருக்குத்தான் ஓர் அதிகாரி மதிப்பீடு எழுதமுடியும்.

இது அரசு ஊழியர்களுக்கு வந்த தீர்ப்பு, நம் கண்ணாடிக் கட்டடத்தைக் கட்டுப்படுத்தாது, எனக்குத் தெரியும். ஆனால் ஃபைலில் தூசி தட்டுகிறவர்கள், மசமசவென்று நகருகிறவர்கள் என்று நாம் கேலி பேசுகிற சர்க்கார் ஆபீசில் ஒரு குமாஸ்தாவுக்குக் கிடைக்கிற பதினைந்து நாள் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஏழு நாள், ஐந்நூறு எழுத்து, ஒரே ஒரு பட்டன்.

கிரீவன்ஸ் (புகார்) போர்ட்டலில் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். ஜூன் 2ஆம் தேதி. பன்னிரண்டு டிக்கெட்டின் ஹிஸ்டரி, ஹேண்ட்ஓவர் மெயில், 'ஓகே' மெயில், வி.பி.என். நிறுத்தப்பட்ட அறிவிப்பு, 'ஹிஸ்' இருக்கிற பத்தியின் ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றையும் இணைத்து. ஜூன் 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். மூடும்போது எழுதிய குறிப்பு: 'பணியாளருடன் கலந்துபேசித் தீர்க்கப்பட்டது.' என்னோடு யாரும் பேசவில்லை, ஒரு போன், ஒரு சாட், ஒன்றும் இல்லை. இணைப்புகளை யாராவது திறந்தார்களா என்று பார்த்தேன், அதையும் அந்த சிஸ்டம் காட்டும். பூஜ்யம். புகார்களுக்கும் ஓர் எஸ்.எல்.ஏ. இருக்கிறதாம், மூன்று வேலை நாள். அதைத் தாண்டாமல் மூடிவிட்டார்கள், அந்த எச்.ஆர். அம்மாவுக்கு ரிவ்யூவில் நல்ல எண் வந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லவேண்டாம். எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். அந்த மூன்று வாக்கியங்களையும் ஃபைலிலிருந்து எடுங்கள். பதினேழை மூன்றாக்குங்கள், இரண்டைப் பற்றி வாதாட வேண்டுமென்றால் ஐந்தாக்குங்கள், ஐந்துக்கு நான் சம்மதம். நான் இருந்த 26 வாரத்தை வைத்து அளவிடுங்கள், இல்லாத 26 வாரத்தைச் சேர்க்காதீர்கள். பழைய மேனேஜரிடம் ஏப்ரல், மே பற்றி ஒரு வரி கேளுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் அது 'சி'தான் என்றால் 'சி' என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அது என்னுடைய 'சி'யாக இருக்கும், வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

இன்னொரு விஷயம், இதற்குக் கமிட்டி கூடத் தேவையில்லை. டிசம்பரில் திரும்பி வந்ததும் நான் செய்த முதல் காரியம் அட்மின் டீமை நச்சரித்து அந்த பேட்ச் க்யூவிலிருந்து என் பெயரை எடுக்கவைத்தது. எடுத்தார்கள். நேற்று எதற்கோ செட்டிங்ஸைத் திறந்தபோது பார்த்தேன், என் பெயர் இருந்த இடத்தில் எங்கள் டீமில் இருக்கிற இன்னொரு பெண்ணின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு எட்டாவது மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள், கேக்குக்குக் காசு வசூலித்தாயிற்று. அட்மின் உரிமை அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, உங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஷீட்டில் ஒரு வரி